அப்ஃபெல்ஸீனெ எந்தத் துறைமுகத்தில் இறங்கியது?

"மேடம், அப்ஃபெல் ஆண்பால்னு சொன்னீங்க. அப்போ அப்ஃபெல்ஸீனெ மட்டும் எப்படிப் பெண்பால் ஆச்சு?"

கேட்டது செவிலியர் படிப்பை முடித்துவிட்டு ஜெர்மனியில் வேலைக்குப் போகத் தயாராகும் ஒரு மாணவி. அன்று பழம், காய்கறிப் பெயர்கள் பாடம். அப்ஃபெல் என்றால் ஆப்பிள், அப்ஃபெல்ஸீனெ என்றால் ஆரஞ்சு. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. ஆண்பாலுக்கு முன்னால் 'டெர்', பெண்பாலுக்கு 'டீ', இரண்டும் இல்லாததற்கு 'டாஸ்'. மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் நியூட்டர். இதில் நியாயம் தேடினால் பாடம் நகராது. அதனால் நானும் "அது அப்படித்தான்மா, மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவள் கேட்டதில் ஒரு நுணுக்கம் இருந்தது. தனிச்சொல்லின் பாலுக்கு வேண்டுமானால் காரணம் இல்லாமல் இருக்கலாம். கூட்டுச்சொல்லுக்கு அப்படி இல்லை, அங்கே விதி கறாரானது. அந்த விதியை இந்தச் சொல் மீறுகிறது என்பதை ஆறு மாதம் ஜெர்மன் படித்த பெண் கவனித்துவிட்டாள், வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கும் நான் கவனிக்கவில்லை. அடுத்த வகுப்புக்குள் ஒரு நேர்மையான பதிலைத் தேட உட்கார்ந்தேன். அந்தத் தேடல்தான் இது.

மூன்று தடயங்கள்

அகராதியைத் திறந்தால் ஒரே வரியில் விடை கிடைக்கிறது: அப்ஃபெல்ஸீனெ என்றால் 'சீனத்து ஆப்பிள்'. ஸீனெ என்பது சீனம். லத்தீனில் சீனர்களுக்கு ஸீனே என்று பெயர். 17, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனில் சீன நாட்டை ஸீனா என்று எழுதும் வழக்கமும் இருந்தது. சீன மொழி, பண்பாட்டு ஆய்வுக்கு இன்றைக்கும் 'ஸினொலொகீ' என்றுதான் பெயர். நாட்டின் பெயர் மட்டும் பிற்பாடு ஹீனா, கீனா என்று ஊருக்கு ஊர் ஒலிப்பு மாறி நின்றுவிட்டது. அதனால் அப்ஃபெல்ஸீனெ என்று நாளும் சொல்லும் ஜெர்மானியர் பலருக்கே அதற்குள் சீனம் இருப்பது காதில் விழுவதில்லை.

பொருள் சரி. ஆனால் மாணவியின் கேள்விக்கு இதில் விடை இல்லை, கேள்வி இன்னும் கூர்மையாகத்தான் ஆகிறது.

ஜெர்மன் கூட்டுச்சொல்லும் நம் தொகைச்சொல்லும் ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பி. இரண்டிலும் தலைச்சொல் கடைசியில் வரும். மாமரம் என்பது மரம், மரப்பெட்டி என்பது பெட்டி. ஜெர்மனிலும் அப்படியே: அப்ஃபெல்பௌம் என்பது மரம், அப்ஃபெல்ஸாஃப்ட் என்பது சாறு. சீனத்திலிருந்து வந்த பட்டை நாம் சீனப்பட்டு என்போம், பட்டுச்சீனம் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அப்ஃபெல்ஸீனெ என்ற சொல் 'ஆப்பிள்சீனம்' என்று தலைகீழாக நிற்கிறது. ஜெர்மன் இலக்கணப்படி படித்தால் அது ஒரு வகை ஆப்பிளாக இருக்க முடியாது, ஆப்பிளைச் சேர்ந்த ஒரு சீனமாகத்தான் இருக்க வேண்டும். இது முதல் தடயம்.

இரண்டாவது தடயம் பால். கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிச் சொல்தான் தீர்மானிக்கும். அப்ஃபெல் ஆண்பால். அதோடு பூ என்ற பெண்பால் சொல் சேர்ந்தால் அப்ஃபெல்ப்ளூட்டெ பெண்பாலாகிறது. கூழ் என்ற நியூட்டர் சொல் சேர்ந்தால் அப்ஃபெல்மூஸ் நியூட்டர். இந்தப் பழம் ஒரு 'சீனத்து ஆப்பிள்' என்றால் அது ஆண்பாலாக இருந்திருக்க வேண்டும். 'டீ அப்ஃபெல்ஸீனெ' என்று பெண்பாலில் நிற்கிறது என்றால், பேசியவர்கள் காதில் ஆப்பிள் தலைச்சொல்லாக விழவே இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது காதால் கண்டுபிடிக்க வேண்டிய தடயம். இரண்டு பெயர்கள் சேரும் ஜெர்மன் கூட்டுச்சொல்லில் அழுத்தம் வழக்கமாக முதல் சொல்லின் மேல் விழும்: அப்ஃபெல்பௌம், அப்ஃபெல்ஸாஃப்ட். ஆனால் அப்ஃபெல்ஸீனெ என்று சொல்லும்போது அழுத்தம் ஓடிப்போய் ஸீ மேல் உட்கார்ந்துகொள்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். அழுத்தம் இப்படிப் பின்னால் போவது ஜெர்மனில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சொற்களின் அடையாளம். மஷீனெ (எந்திரம்), ரொஸீனெ (உலர் திராட்சை), மண்டரீனெ (கமலா ஆரஞ்சு), நெக்டரீனெ என்று 'ஈனெ' ஒலியில் முடியும் ஒரு கூட்டமே ஜெர்மனில் இருக்கிறது. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, எல்லாவற்றுக்கும் அழுத்தம் ஈ மேல், எல்லாம் பெண்பால். அப்ஃபெல்ஸீனெ தன் முன்பாதியால் ஆப்பிளோடு நின்றாலும் பின்பாதியால் இந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது.

ஆக, இதைக் கூட்டுச்சொல் என்று பாடப்புத்தகம் சொன்னாலும் ஜெர்மன் மண்ணில் வைத்துக் கட்டிய கூட்டுச்சொல் இல்லை என்பது இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிறது. எங்கேயோ கட்டப்பட்டு, பெட்டியோடு சேர்த்து இறக்கிய பெயர். அப்படியானால் கட்டிய இடம் எது?

ஒரு ப், ஒரு ப்ஃ

அதற்கு முன்பாதியைப் பார்க்க வேண்டும்.

ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் ஜெர்மன் பேசிய நிலத்தின் தெற்குப் பகுதிகளில் சில மெய்யொலிகள் மாறத் தொடங்கின. ப் என்ற ஒலி பல இடங்களில் ப்ஃ என்றோ ஃப் என்றோ ஆனது. வடக்குக் கடற்கரைச் சமவெளியில் அந்த மாற்றம் நடக்கவில்லை. அதனால் வடக்கே பேசிய கீழ் ஜெர்மனிலும் அண்டை வீடான டச்சிலும் 'அப்பெல்' என்று இருப்பது, பொது ஜெர்மனில் 'அப்ஃபெல்'. மிளகு டச்சில் பேப்பர், ஜெர்மனில் ப்ஃபெஃபர். (அந்தச் சொல்லே நம் திப்பலியின் உறவான பிப்பலியிலிருந்து கிளம்பிப் போனதுதான்.) இங்கே கீழ், மேல் என்பது உயர்வு தாழ்வு இல்லை. கடலோரத் தாழ்நிலம், தெற்கே மலைநாடு, அவ்வளவுதான்.

இப்போது ஆரஞ்சுக்கு வடக்கு ஐரோப்பா வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள். ஸ்வீடனில் அபெல்ஸீன், டென்மார்க்கிலும் நார்வேயிலும் அப்பெல்ஸீன், ஐஸ்லாந்தில் அப்பெல்ஸீனா, ஃபின்லாந்தில் அப்பெல்ஸீனி, எஸ்டோனியாவில் அபெல்ஸின், லித்துவேனியாவில் அபெல்ஸினாஸ், ரஷ்யாவில் அபெல்ஸின். ஒன்றில்கூட ப்ஃ இல்லை, எல்லாம் ப். இந்தச் சொல் பொது ஜெர்மனில் பிறந்து சுற்றி இருப்பவர்களுக்குப் போயிருந்தால் ஏதாவது ஒரு மொழியிலாவது ஃ ஒட்டியிருக்கும். கடலோரத்தில், அதாவது டச்சிலும் கீழ் ஜெர்மனிலும் அப்பெல்ஸீனா என்று இருந்த சொல்தான் கப்பல் வழியே பால்டிக் கரை முழுக்க இறங்கியிருக்கிறது. உள்நாட்டு ஜெர்மானியர்கள்தான் அதன் முன்பாதியில் தங்களுக்குத் தெரிந்த ஆப்பிளை அடையாளம் கண்டு, அப்பெல்லை அப்ஃபெல் ஆக்கினார்கள். பின்பாதி அவர்களுக்கு விளங்கவில்லை, தொடாமல் விட்டுவிட்டார்கள். பாதி மொழிபெயர்த்த சொல் இது.

சொல்வரலாற்று அகராதிகள் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அப்பெல்ஸீனா என்கிறார்கள். அதற்கு முன்மாதிரி பிரெஞ்சில் இருந்த 'பொம் டெ ஸீன்', அதாவது 'ஆப்பிள் ஆஃப் சைனா' என்ற சொற்றொடர். பிரெஞ்சில் தலைச்சொல் முன்னால் வரும். அந்த வரிசையை மாற்றாமல் டச்சில் எழுதிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஹம்பர்கிலிருந்தும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஜெர்மனுக்குள் நுழைகிறது. முதல் தடயமான தலைகீழ் வரிசைக்குக் காரணம் கிடைத்துவிட்டது: அது பிரெஞ்சு வரிசை.

இதில் ஒரு அழகான பின்கதை உண்டு. சொல்லைக் கடன் வாங்கிக் கடன் கொடுத்த டச்சுக்காரர்களே பிற்பாடு அதைத் திருப்பி நேராக்கிவிட்டார்கள். இன்றைய டச்சில் ஆரஞ்சு ஸீனாஸ்அப்பெல், அதாவது 'சீனத்து ஆப்பிள்'. தலை கடைசியில் வந்து உட்கார்ந்துவிட்டது. பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் பேச்சில் மட்டும் பழைய அப்பெல்ஸீன் இன்னும் புழங்குகிறது. டச்சு வீட்டைச் சரிசெய்துகொண்டது, ஜெர்மன் வந்த கோலத்திலேயே வைத்துக்கொண்டது.

ஏன் சீனம், ஏன் ஆப்பிள்

ஐரோப்பாவுக்கு ஆரஞ்சு இரண்டு முறை போனது. முதலில் போனது கசப்பும் புளிப்புமான வகை, நம் நாரத்தையோடு சேர்த்து வைத்துப் பார்க்கக்கூடியது. அரபு மக்கள் வழியாக சிசிலிக்கும் ஸ்பெயினுக்கும் போய், மருந்தாகவும் வாசனையாகவும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த தோலாகவும் புழங்கியது. உரித்து அப்படியே சாப்பிடும் இனிப்பு ஆரஞ்சு அங்கே பரவலானது 15, 16ஆம் நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார், 1557வாக்கில் போர்த்துக்கீசியர் மக்காவில் குடியேறினார்கள். சீனத்திலிருந்து அவர்கள் கொண்டுபோன நல்ல இனிப்பு வகைகள் லிஸ்பன் வழியாக மற்ற நாடுகளுக்குப் போயின.

பழைய பழத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. ஜெர்மனில் பொமெரான்ட்ஸெ. இத்தாலிய மொழியின் பொமோ (பழம், ஆப்பிள்), அரான்சா (ஆரஞ்சு) இரண்டும் ஒட்டியது அது. புதிதாக வந்தது அதே நிறம், அதே உருவம், ஆனால் வாயில் வைத்தால் இனிக்கிறது. ஒரே பெயரில் விற்றால் வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுவார். அதனால் வியாபாரிக்கு ஒரு புதுப் பெயர் தேவைப்பட்டது.

இந்தத் தேவை எல்லாருக்கும் வந்தது. விடைதான் இரண்டாகப் பிரிந்தது. மத்தியதரைக் கடல், கருங்கடல் பக்கம் இருந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரை வைத்தார்கள்: கிரேக்கத்தில் போர்த்தொகாலி, துருக்கியில் போர்ட்டகால், அரபியில் புர்த்துகால், பாரசீகத்தில் போர்த்தெகால், ருமேனியாவில் போர்த்தொகாலா. எல்லாம் போர்ச்சுகல். வடகடல் பக்கம் இருந்தவர்கள் விளைந்த நாட்டின் பெயரை வைத்தார்கள். கிரேக்கத்தில் கசப்பு வகை நெரான்ட்ஸி, இனிப்பு வகை போர்த்தொகாலி. அரபியில் நாரன்ஜ், புர்த்துகால். ஜெர்மனில் பொமெரான்ட்ஸெ, அப்ஃபெல்ஸீனெ. பழைய பெயர் கசப்புக்கு, புதுப் பெயர் இனிப்புக்கு என்ற இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. ஒருவரை ஒருவர் அறியாத சந்தைகள் ஒரே சிக்கலுக்கு ஒரே வகையில் தீர்வு கண்டிருக்கின்றன. போலந்தும் செக்கும் மட்டும் கசப்பின் பெயரையே இனிப்புக்கும் நீட்டிக்கொண்டன. அங்கே இன்றைக்கும் பொமராஞ்சா, பொமெரான்ச் என்றுதான் பெயர்.

அறிவியல் பெயரிலும் சீனம் ஏறிவிட்டது. ஸ்வீடனின் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் சீனம் போய்வந்த பெர் ஒஸ்பெக் என்பவர் இனிப்பு ஆரஞ்சுக்கு 1765இல் சிட்ரஸ் சினென்சிஸ் என்று பெயரிட்டார். சினென்சிஸ் என்றால் சீனத்தைச் சேர்ந்தது.

சரி, ஆப்பிள் எதற்கு? ஆரஞ்சுக்கும் ஆப்பிளுக்கும் உருண்டையாக இருப்பதைத் தவிர ஒற்றுமை கிடையாது. ஆனால் அந்த நாடுகளில் 'பழம்' என்றதும் மனதில் வருவது ஆப்பிள்தான், அதுதான் கையில் இருக்கும் அளவுகோல். புதிதாக எது வந்தாலும் அதில் சேர்த்துவிடுவார்கள். மாதுளை ஜெர்மனில் க்ரனாட்அப்ஃபெல். ஆஸ்திரியாவில் உருளைக்கிழங்கு ஏர்ட்அப்ஃபெல், அதாவது நிலத்து ஆப்பிள். தக்காளி ஒரு காலத்தில் சொர்க்கத்து ஆப்பிள், அதைச் சுருக்கி இன்றைக்கும் அங்கே பரடைஸர் என்கிறார்கள்.

நாம் செய்ததும் இதுவேதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த காரத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை, மிளகு இருந்தது. மிளகு போல் உறைக்கும் காய், மிளகாய் ஆனது. பரங்கியர் பெயரைத் தாங்கியது பரங்கிக்காய். சீனத்தின் பெயரோ நம் அடுப்படி முழுக்க இருக்கிறது: சீனி, சீனச்சட்டி, சீனாக்காரம். தீபாவளிக்குச் சீனவெடி. டம்ளரில் சீனியைப் போட்டுக் கலக்கும்போது நாம் சீனத்தை நினைக்கிறோமா? ஹம்பர்கில் ஆரஞ்சு உரிப்பவரும் அப்படித்தான்.

தெற்கிலிருந்து வந்த இன்னொரு பெயர்

இதே பழத்துக்கு ஜெர்மனில் இன்னொரு பெயரும் உண்டு: ஒராங்ஷெ. பொதுவாக வடக்கே அப்ஃபெல்ஸீனெ, தெற்கே பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஒராங்ஷெ. வடக்கே கப்பலில் வந்தது, தெற்கே ஆல்ப்ஸ் மலையையும் பிரெஞ்சு எல்லையையும் தாண்டி வந்தது என்று வரைபடத்தில் கோடு போட்டே காட்டலாம். இப்போது வடக்கிலும் ஒராங்ஷெ முந்துகிறது. நிறத்தின் பெயர் எங்கும் ஒராங்ஷெதான். கடையில் வாங்கும் சாறு வடக்கிலும் ஒராங்ஷென்ஸாஃப்ட்தான். அப்ஃபெல்ஸீனெ கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டிமார் சொல்லும் சொல்லாக ஆகிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் ஒராங்ஷெவின் பூர்வீகம் நம் பக்கம் வருகிறது. பிரெஞ்சு ஒராஞ்ஜ், இத்தாலிய அரான்சா, ஸ்பானிய நரான்ஹா, அரபி நாரன்ஜ், பாரசீக நாரங், சமஸ்கிருத நாரங்க என்று பின்னோக்கி நடந்தால், அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருந்திருக்க வேண்டும் என்பதே பல அகராதிகளின் கருத்து. நம் நாரத்தையும் மலையாளத்து நாரங்ஙாவும் அதன் வீட்டார். வழியில் முதல் ந எங்கே தொலைந்தது என்பதும் தெரியும். இத்தாலியில் 'ஊனா நரான்சா' (ஒரு ஆரஞ்சு) என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த ந முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது, பழத்திடம் அரான்சா மிஞ்சியது. பிரெஞ்சில் தங்கத்துக்கு 'ஓர்' என்று பெயர். அதன் சாயல் பட்டு முதலெழுத்து ஓ ஆனது என்பார்கள்.

ம்யூனிக்கில் ஒராங்ஷெ என்று கேட்டு வாங்கும் நம் செவிலியர் ஒருவர், எப்போதோ நம் ஊர்க் கரையிலிருந்து போன சொல்லின் தேய்ந்த வடிவத்தைச் சொல்லித்தான் வாங்குகிறார். இதை வகுப்பில் சொன்னபோது பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பம்பளிமாஸ்: எளிதில் முடியாத வழக்கு

உற்சாகத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ பம்பெல்மூஸெ, நம்ம பம்பளிமாஸ்தானே மேடம்?"

ஜெர்மனில் பம்பெல்மூஸெ என்றால் பம்பளிமாஸ் பழம். பேச்சுவழக்கில் கிரேப்ஃப்ரூட்டையும் அப்படிச் சொல்வார்கள். இரண்டு சொல்லையும் அடுத்தடுத்துச் சொன்னாலே உறவு தெரிகிறது. ஜெர்மன் அகராதிகளும் இது டச்சு பொம்பெல்மூஸ் வழியாக வந்தது, அதற்கு மூலம் அநேகமாகத் தமிழ் என்று எழுதியிருக்கின்றன. தமிழ் என்ற பெயரை ஜெர்மன் அகராதியில் பார்க்கும் நமக்கு உடனே அதை வாரி அணைத்துக்கொள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் அப்ஃபெல்ஸீனெவுக்கு வைத்த சோதனையை இதற்கும் வைக்க வேண்டும். ஒரு சொல் தன் வீட்டில் பிறந்ததா என்று பார்க்க, அந்த வீட்டின் இலக்கணத்தில் அது இயல்பாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். பம்பளிமாஸைத் தமிழில் பிரித்துப் பாருங்கள். பம்பளி என்ன? மாஸ் என்ன? நாரத்தங்காய், எலுமிச்சங்காய் என்று காய் ஒட்டும் மரபும் இதில் இல்லை. முடிவில் நிற்கும் ஸ் தமிழ்ச்சொல்லின் முடிவே அல்ல. வாய்க்கு வசப்படாமல் ஊருக்கு ஊர் பம்பளிமாஸ், பப்ளிமாஸ் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. மலையாளத்தில் பப்ளூஸ் நாரங்ஙா. உள்ளூரில் வேர் விட்ட சொல் இவ்வளவு ஆடாது. ஜெர்மானியர் 'ஸீனெ'யைப் புரியாமலே வைத்துக்கொண்ட மாதிரி, நாமும் இதை முழுசாகவே புரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. (கன்னம் உப்பிய குழந்தையைப் பப்ளிமாஸ் என்று கொஞ்சும் அளவுக்கு அதை நமதாக்கிக்கொண்டது வேறு விஷயம்.)

மறுபக்கம் சொல்லப்படும் விளக்கம் என்ன? டச்சில் பொம்பூன் என்றால் பரங்கிக்காய். போர்த்துக்கீசியத்தில் லிமோவெஸ் என்றால் எலுமிச்சைகள். பரங்கிக்காய் அளவு எலுமிச்சை, பொம்பெல்மூஸ். அப்படியானால் இதுவும் ஒரு கூட்டுச்சொல், அதுவும் இரண்டு மாலுமி மொழிகள் கலந்தது. பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். தோல் ஒரு விரல் கனம், தூக்கினால் தேங்காய் மாதிரி கனக்கும், சுளைக்குள் எலுமிச்சை உறவின் வாசனை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பழவேற்காட்டில் கால் வைத்தது. 1619இல் ஜாவாவில் பத்தாவியா நகரை எழுப்பியது. 1658இல் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் அதன் கைக்கு வந்தன. பம்பளிமாஸ் தென்கிழக்கு ஆசியப் பழம். வங்காளத்தில் அதற்குப் பெயர் பாதாபி லெபு, அதாவது பத்தாவியா எலுமிச்சை. வங்கக் கடலின் ஒரு முனையில் அந்தப் பழம் டச்சுத் தலைநகரின் பெயரோடு வந்து இறங்கியிருக்கிறது என்றால், அதே கடலின் நம் முனையில் டச்சுப் பெயரோடு இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இதே சொல்லைப் பம்ப்ளமூஸ் என்று மொரீஷியஸ் வரை கொண்டுபோனார்கள். புகழ்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கும் அந்த ஊருக்கே பம்ப்ளமூஸ் என்று பெயர். அந்தத் தீவிலும் தமிழர் இருக்கிறார்கள்.

என் தீர்ப்பு இது: டச்சுக்குத் தமிழ் கொடுத்தது என்பதைவிட, தமிழ் டச்சுக்காரரிடமிருந்து வாங்கியது என்பதற்கே ஒலி, இலக்கணம், கப்பல் வழி மூன்றும் சாதகம். அகராதிக்காரர்கள் தமிழில் இந்தச் சொல்லைக் கண்டு, இங்கேதான் பிறந்திருக்கும் என்று எண்ணியிருக்கலாம். மாணவியிடமும் இதையே சொன்னேன். அவள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாரங்காயில் நமக்கு உரிமை இருக்கிறது, அதைத் தைரியமாகச் சொல்லலாம். பம்பளிமாஸில் அதே அளவு சான்று இல்லாமல் சொன்னால் நாரங்காயில் சொல்வதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அவளுக்கு ஆறுதலாக ஒன்று சொல்ல முடிந்தது. மரபணுவைப் படித்தவர்கள் சமீப ஆண்டுகளில் கண்டறிந்தது: இனிப்பு ஆரஞ்சு தனி இனமே அல்ல, பம்பளிமாஸும் கமலாவும் கலந்து பிறந்தது. அதில் பம்பளிமாஸ் தாய்வழி. பின்னாளில் அதே இனிப்பு ஆரஞ்சு மறுபடியும் பம்பளிமாஸோடு கரீபியன் தீவுகளில் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட். ஆக, ஜெர்மன் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் அப்ஃபெல்ஸீனெவும் பம்பெல்மூஸெவும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பது மகளும் தாயும்.

முதலில் கேள்வி கேட்ட மாணவிக்குப் பலகையில் எழுதிய விடை மூன்றே வரி. அப்பெல் வடக்கிலிருந்து, வரிசை பிரெஞ்சிலிருந்து, பால் 'ஈனெ' முடிவிலிருந்து. அதனால்தான் 'டீ'. அவள் நோட்டில் எழுதிக்கொண்டு, அழுத்தத்தை மாற்றி மாற்றி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் மண்டரீனெவுக்கும் இதுதானா என்று கேட்டாள். ஆமாம்.

அந்த வாரம் சனிக்கிழமை கோயம்பேட்டுக்குப் போயிருந்தேன். அனந்தபூரிலிருந்து வந்த லாரியிலிருந்து சாத்துக்குடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாத்துக்குடி வேறொன்றுமில்லை, அதே சிட்ரஸ் சினென்சிஸ்தான். தோல் பச்சையாக இருப்பதால் நாம் அதை ஆரஞ்சு என்று நினைப்பதில்லை. லாரியோடு வந்த பையன் தெலுங்கில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் தம்பி என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"சீனி. சீனிக் காயலு."